கட்சிக் கொடியும் கணக்கு நோட்டும்

(நம் சங்கத்தின் மகளிர் தினக் கூட்டத்தில் பேசியது. அன்று நேரமில்லாமல் விட்டுப்போன சில விவரங்களையும் சேர்த்து, இதழுக்காக எழுதித் தந்திருக்கிறேன்.)



கூட்டத்துக்கு வர முடியாதவர்களுக்காக முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். நம் குடியிருப்பில் மகளிர் வட்டம் ஒன்று தொடங்கலாம் என்று போன பொதுக்குழுவில் பேசினோம். அந்தப் பேச்சு வெளியே எப்படிப் போனதோ தெரியவில்லை, பத்தே நாளில் ஒரு கட்சியின் மகளிர் அணியிலிருந்து இரண்டு பேர் வந்துவிட்டார்கள். மரியாதையாகத்தான் பேசினார்கள். பத்து தையல் மெஷின், வருஷத்துக்கு ஒரு மருத்துவ முகாம், ஹாலுக்கு நாற்காலிகள் எல்லாம் தருகிறோம் என்றார்கள். பதிலுக்குக் கேட்டது கொஞ்சம்தான்: வட்டத்தின் பலகையில் தலைவர் படம் இருக்க வேண்டும், கட்சிக் கூட்டம் என்றால் நம் பக்கத்திலிருந்து ஐம்பது, அறுபது பேர் வர வேண்டும். எந்தக் கட்சி என்று நான் எழுதப் போவதில்லை. இவர்கள் இல்லையென்றால் அடுத்த மாதம் வேறொருவர் வருவார். தேர்தல் நெருங்கினால் நால்வர் வருவார்கள்.

வாங்கிக்கொள்ளலாம் என்று நம்மில் பாதிப் பேர் சொல்கிறார்கள். அவர்கள் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. “சும்மா தருவதை ஏன் விட வேண்டும், எந்த ஆட்சி வந்தாலும் நம் தெருவில் சாக்கடை அப்படியேதான் இருக்கிறது, வருவதையாவது வாங்குவோம்” என்று ஓர் அம்மா கேட்டார். மகளைப் பார்க்க டெக்சாஸ் போய்வந்த நம் உறுப்பினர் ஒருவர் இன்னொரு விஷயம் சொன்னார். அங்கே மகளின் பக்கத்து வீட்டுக்கார அம்மாள் ரிபப்ளிகன் கட்சியின் மகளிர் கிளப்பில் இருக்கிறாராம். இவரையும் ஒரு மதியக் கூட்டத்துக்கு அழைத்துப் போயிருக்கிறார். நூலகத்துக்குப் புத்தகம் சேகரிக்கிறார்கள், ராணுவத்தில் இருப்பவர்களுக்குப் பார்சல் அனுப்புகிறார்கள், பள்ளிப் பிள்ளைகளுக்கு உதவித்தொகை தருகிறார்கள். “அமெரிக்காவிலேயே கட்சிப் பெயரில் கிளப் நடத்துகிறார்கள், நமக்கு மட்டும் என்ன தயக்கம்?” என்பது அவருடைய கேள்வி.

நல்ல கேள்விதான். அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

அந்த கிளப்புகள் எனக்கும் ஓரளவு தெரிந்த விஷயம். அமெரிக்காவின் பல ஊர்களில் தனித்தனியாக இருந்த ரிபப்ளிகன் மகளிர் கிளப்புகளை ஒன்றாக இணைத்து 1938-ல் ஒரு தேசியக் கூட்டமைப்பு உண்டாக்கினார்கள். நூலகங்களுக்குப் புத்தகம் கொடுக்கும் திட்டத்துக்கு முன்னாள் ஜனாதிபதி ஐசனோவரின் மனைவி மேமி ஐசனோவரின் பெயரை வைத்திருக்கிறார்கள். தேர்தல் வந்தால் வீடு வீடாகப் போய் ஓட்டுக் கேட்பதும் இதே பெண்கள்தான். ஆனால் நம் உறுப்பினர் கவனிக்காமல் விட்ட ஒன்று உண்டு. அங்கே உறுப்பினர் ஒவ்வொருவரும் வருஷச் சந்தா கட்டுகிறார்கள். தலைவி, செயலாளர், பொருளாளர் எல்லோரையும் தாங்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். நாங்கள் இந்தக் கட்சிக்காரர்கள் என்று பெயரிலேயே சொல்லிவிடுகிறார்கள். பிடிக்காதவர் சேர வேண்டியதில்லை. அங்கே பெண்கள் தங்கள் பணத்தையும் உழைப்பையும் கட்சிக்குக் கொடுக்கிறார்கள். இங்கே கட்சி பணத்தைக் கொண்டுவந்து நம்மிடம் கொடுக்கிறேன் என்கிறது. பணம் எந்தப் பக்கம் போகிறது என்று பார்ப்பது என் பழைய தொழில் புத்தி. வவுச்சரில் முதலில் பார்ப்பது அதைத்தான்.

ரிபப்ளிகன் என்ற சொல் நம் பக்கத்துக்கும் புதிதில்லை. வடசென்னையில் நீலக்கொடி பார்த்து வளர்ந்தவர்களுக்கு அது அம்பேத்கரின் கட்சி. 1956 டிசம்பரில் அவர் காலமான பிறகு, 1957-ல் இந்தியக் குடியரசுக் கட்சி தொடங்கப்பட்டபோது அதன் முதல் தலைவராக இருந்தவர் நம் சென்னைக்காரர் ந. சிவராஜ். 1945-46-ல் சென்னை மேயராக இருந்தவர். அவர் மனைவி அன்னை மீனாம்பாள், ரங்கூனில் பிறந்தவர், 1940களில் பட்டியல் சாதியினர் கூட்டமைப்பின் மகளிர் மாநாடுகளுக்குத் தலைமை தாங்கியவர். கட்சிக்குள் இருந்து வேலை செய்த பெண் என்றால் எனக்கு அவர்தான் நினைவுக்கு வருகிறார். கூட்டத்துக்கு ஆள் கூட்டி வருகிறவராக அவர் இருக்கவில்லை. மேடையில் தலைமை நாற்காலியில் உட்கார்ந்து தீர்மானம் நிறைவேற்றியவர். ஆகவே கட்சி என்றாலே தீட்டு என்று நான் சொல்ல வரவில்லை.

கட்சி சாராமல் நின்றவர்களும் இதே ஊரில் இருந்தார்கள். 1917-ல் அடையாறில் இந்திய மாதர் சங்கம் தொடங்கியபோது அதன் தலைவி அன்னி பெசன்ட். அதே வருஷம் அவர் காங்கிரஸின் தலைவராகவும் ஆனார். சங்கத்தைக் காங்கிரஸின் கிளையாக மாற்ற நினைத்திருந்தால் அதைவிட நல்ல சமயம் கிடைத்திருக்காது. ஆனால் சங்கம் சங்கமாகவே இருந்தது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அதன் மூலம் எழுப்பிய புற்றுநோய் நிதிதான் 1954-ல் 12 படுக்கையுடன் அடையாறு கேன்சர் இன்ஸ்டிடியூட் ஆனது. நம் குடியிருப்பில் அங்கே போய்ப் பிழைத்து வந்தவர்கள் இருக்கிறார்கள். ஒரு மகளிர் சங்கத்தால் என்ன ஆகும் என்று கேட்பவர்களுக்கு இதற்கு மேல் நான் விளக்க வேண்டியதில்லை.

இவ்வளவும் முன்னுரை. நான் விரிவாகச் சொல்ல வந்தது வேறொரு சங்கத்தைப் பற்றி. 1978-ல் சென்னையில் தொடங்கிய உழைக்கும் மகளிர் அமைப்பு, இங்கிலீஷில் வொர்க்கிங் விமன்ஸ் ஃபோரம் என்பார்கள். நான் பேங்கில் சேர்ந்த 1981-ல் கிளைகளில் இதைப் பற்றிப் பேசாதவர்கள் குறைவு. சிலர் பாராட்டிப் பேசினார்கள், சிலர் எரிச்சலாகப் பேசினார்கள்.

அதைத் தொடங்கிய ஜெயா அருணாசலம் காங்கிரஸ்காரர். பல வருஷம் கட்சி வேலை பார்த்தவர். 1970களின் பிற்பகுதியில் சென்னையில் வெள்ளம் வந்தபோது குடிசைப் பகுதிகளில் நிவாரண வேலைக்குப் போனார். அரிசி, துணி, பாத்திரம் கொடுக்கும் வேலை, நமக்கெல்லாம் பழக்கமானதுதான். வாங்க வந்த பெண்களிடம் பேசியபோது அவர்கள் கேட்டது வேறாக இருந்தது. இந்தப் பொருள் நாலு நாளில் தீர்ந்துவிடும், வியாபாரத்துக்குக் கைமுதல் கிடைக்குமா என்றார்கள். இட்லி சுட்டு விற்பவர், பூக்காரர், காய்கறிக் கூடைக்காரர், மீன்காரர் என்று எல்லோருக்கும் ஒரே பிரச்சினை: காலையில் சரக்கு எடுக்கப் பணம் வேண்டும், அதை வட்டிக்காரரிடம்தான் வாங்க வேண்டும், சாயங்காலம் மிஞ்சுவதில் பெரும்பகுதி வட்டிக்காரருக்கே போய்விடும்.

ஜெயா அருணாசலம் இதைக் கேட்டுக்கொண்டு கட்சி அலுவலகத்துக்குப் போய் மனு எழுதவில்லை. கட்சி அரசியலையே விட்டுவிட்டார். 1978 ஏப்ரலில் சுமார் 800 பெண்களைச் சேர்த்துக்கொண்டு அமைப்பைத் தொடங்கினார். இருபது வருஷம் கட்சியில் இருந்திருந்தால் கிடைத்திருக்கக்கூடிய எம்.எல்.ஏ. சீட்டு, வாரியத் தலைவர் பதவி எல்லாவற்றையும் விட்டுவிட்டு மயிலாப்பூரில் ஓர் ஆபீஸ் போட்டு உட்கார்ந்தது சாதாரண விஷயம் இல்லை என்று நான் நினைக்கிறேன். அமைப்பு எந்தக் கட்சியையும் சேர்ந்ததாக இருக்கக் கூடாது என்பதை விதியாகவே வைத்தார். கட்சியை உள்ளிருந்து பார்த்தவர் வைத்த விதி அது. வெளியே நின்று கட்சியைத் திட்டும் நம்மைப் போன்றவர்கள் சொல்வதைவிட அதற்கு எடை அதிகம்.

பணம் எங்கிருந்து வந்தது? இங்குதான் பேங்க் வருகிறது.

1969 ஜூலை 19-ல் 14 பேங்குகள் தேசியமயமாயின. 1972-ல் டி.ஆர்.ஐ. என்ற திட்டம் வந்தது. வித்தியாச வட்டி விகிதத் திட்டம் என்று தமிழில் போட்டிருப்பார்கள். ரொம்ப ஏழைகளுக்கு 4 சதவீத வட்டியில் கடன். சொத்து ஜாமீன் கிடையாது. ஆரம்பத்தில் நகரத்தில் குடும்ப வருமானம் வருஷத்துக்கு 3,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். ஒவ்வொரு பேங்கும் முந்தைய வருஷம் கொடுத்த மொத்தக் கடனில் 1 சதவீதத்தை இதற்கு ஒதுக்க வேண்டும் என்பது விதி. காகிதத்தில் இதைவிட நல்ல திட்டம் கிடையாது. ஆனால் கிளைகளில் அது அப்படியே கிடந்தது.

ஏன் என்று கவுண்டருக்கு உள்ளே இருந்தவர்களுக்குத்தான் தெரியும். 300 ரூபாய் கடனுக்கும் அப்ளிகேஷன், ப்ரோநோட், விசாரணை, லெட்ஜரில் தனிப் பக்கம். 3 லட்சம் கடனுக்கும் அதேதான். 300 ரூபாயை மாதத் தவணையில் பத்து மாதத்தில் கட்டினால் 4 சதவீதத்தில் மொத்த வட்டி ஆறு ரூபாய்கூட ஆகாது. ஒரு கிளார்க் அந்த ஃபைலைத் தூக்கி வைக்கும் நேரத்துக்கான சம்பளமே அதைவிட அதிகம். அப்புறம் வரும் பெண்ணின் வீட்டுக்குக் கதவு எண் இருக்காது, ரேஷன் கார்டில் ஒரு பெயர், கூப்பிடுவது ஒரு பெயர். வசூலாகாவிட்டால் யாரைத் தேடிப் போவது? மேனேஜர் “அடுத்த வாரம் வாம்மா” என்பார். அந்த அம்மாவுக்கு பேங்குக்கு ஒருநாள் வந்தால் ஒருநாள் வியாபாரம் போச்சு. மூன்று முறை வந்து திரும்பினால் நான்காவது முறை வட்டிக்காரரிடமே போய்விடுவார். வட்டிக்காரர் ஃபாரம் கேட்பதில்லை, வீட்டு வாசலுக்கே வந்து தருகிறார்.

ஜெயா அருணாசலம் செய்தது இந்த இடைவெளியில் ஆளை நிறுத்தியதுதான். ஒரே தெரு, பக்கத்துத் தெரு என்று பத்திலிருந்து இருபது பெண்கள் ஒரு குழு. அவர்களே தங்களுக்குள் ஒரு குழுத் தலைவியைத் தேர்ந்தெடுப்பார்கள். யாருக்குக் கடன் தேவை, யார் நிஜமாகவே வியாபாரம் செய்கிறார், யார் வீட்டுக்காரர் பணத்தைப் பிடுங்கிக்கொண்டு கடைக்குப் போவார் என்பது அந்தத் தலைவிக்குத் தெரியும். எங்கள் ஃபீல்ட் ஆபீசர் ஆறு மாதம் அலைந்தாலும் அது தெரிய வராது. ஃபாரம் பூர்த்தி செய்வதும், பேங்குக்குக் கூட்டிப் போவதும், தவணை வசூலித்து வந்து கட்டுவதும் குழுவின் பொறுப்பு. ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்களுக்கு அடுத்த கடன் வராது. அதனால் மற்றவர்கள் அவள் வீட்டு வாசலில் போய் நிற்பார்கள். குழந்தைக்கு உடம்பு சரியில்லை என்றால் இவர்களே அந்த மாதத் தவணையைப் போட்டுவிடுவார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர் கைநாட்டு வைத்த ப்ரோநோட்டுக்குப் பின்னால் இருபது பேரின் வார்த்தை ஜாமீனாக நின்றது. பணம் திரும்பி வந்தது. ஏழைக்குக் கொடுத்தால் வராது என்று சொல்லிக்கொண்டிருந்த மேனேஜர்களுக்கு அது பெரிய அதிர்ச்சி.

இதில் எனக்குப் பிடித்த அம்சம் ஒன்று உண்டு. குழுவை நடத்தியவர்கள் வெளியிலிருந்து வந்த படித்த பெண்கள் இல்லை. பூ விற்றவரே குழுத் தலைவி, நன்றாக நடத்திய தலைவியே பிறகு அந்த வட்டாரத்தின் அமைப்பாளர். பின்னால் குடிசைப் பகுதிப் பெண்களையே பயிற்சி கொடுத்து சுகாதாரப் பணியாளர் ஆக்கினார்கள். தடுப்பூசி, குடும்பக் கட்டுப்பாடு, பிரசவத்துக்கு ஆஸ்பத்திரி என்று தெருத்தெருவாகப் போய்ச் சொன்னது அவர்கள்தான். வெள்ளைப் புடவை நர்ஸ் வந்து சொல்வதை ஒரு காதில் வாங்கி மறு காதில் விடுகிற அம்மாக்கள், எதிர் வீட்டுக்காரி சொன்னால் கேட்டார்கள். வரதட்சணைக்கு எதிராக ஊர்வலம் போனார்கள். சாதி மறுப்புத் திருமணங்களை மேடை போட்டு நடத்தினார்கள். இதெல்லாம் கடன் கொடுக்கும் சங்கத்தின் வேலையா என்று சிலர் கேட்டதுண்டு. ஒன்றாக உட்கார்ந்து பணக் கணக்குப் பார்க்கத் தொடங்கிய பெண்கள் வேறு கணக்குகளையும் பார்க்கத்தான் செய்வார்கள்.

மூன்றே வருஷத்தில், 1981-ல், சொந்தமாகக் கூட்டுறவுக் கடன் சங்கம் ஒன்றைப் பதிவு செய்துவிட்டார்கள். பேங்கின் தாமதம் தாங்கவில்லை என்பது முக்கியக் காரணம். பேங்க்காரியாக இதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் சங்கடம்தான், ஆனாலும் அவர்கள் செய்தது சரி. உறுப்பினர்களே பங்குதாரர்கள், அவர்கள் பங்குப் பணம், அவர்கள் நிர்வாகக் குழு. அதிராம்பட்டினம் மீனவப் பெண்கள், ஆந்திராவில் நர்சாபூரில் லேஸ் பின்னும் பெண்கள் என்று மற்ற இடங்களுக்கும் போனது. உறுப்பினர்கள் பின்னாளில் லட்சக்கணக்கில் ஆனார்கள். ஜெயா அருணாசலத்துக்கு 1987-ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். 2019-ல் காலமானார். வங்கதேசத்தின் கிராமீன் பேங்க் முறைப்படி பேங்காக ஆனது 1983-ல். யூனுஸுக்கு 2006-ல் நோபல் பரிசு கிடைத்ததும் நம் பத்திரிகைகளெல்லாம் குழுக்கடனைப் புதிய கண்டுபிடிப்பு மாதிரி எழுதின. அகமதாபாத்தில் எலா பட் 1974-லேயே சேவா பேங்க் தொடங்கியிருந்தார். மயிலாப்பூரிலிருந்து நம்மவர்களும் கிளம்பியிருந்தார்கள்.

ஒன்றும் சொர்க்கம் வந்துவிடவில்லை. கடன் வாங்கியவர்களில் பலர் கடைசிவரை கூடைதான் சுமந்தார்கள். ஆனால் சரக்கு எடுக்க யாரிடமும் கெஞ்சாமல் சுமந்தார்கள்.

அதே காலத்தில் இன்னொன்றும் நடந்தது. அதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். 1980களில் லோன் மேளா என்று ஒன்று வந்தது. மத்திய நிதித்துறை இணையமைச்சர் ஜனார்த்தன பூஜாரி காலத்தில் இது பிரபலம். மைதானத்தில் பந்தல், மேடையில் மந்திரி, வரிசையில் மக்கள், கையில் கடன் உத்தரவு. பேங்க் வாசலையே மிதிக்காத ஆயிரக்கணக்கான ஏழைகளுக்கு அதில்தான் முதல் கடன் கிடைத்தது என்பதையும் சொல்ல வேண்டும். அது பொய் இல்லை. ஆனால் மேடையில் மந்திரி கையால் வாங்கிய பணத்தை கவுண்டரில் கிளார்க்கிடம் திருப்பிக் கட்ட வேண்டும் என்பது பலர் மனதில் பதியவே இல்லை. அது கடனா, பரிசா? கட்சிக்காரர் பெயர் எழுதிக்கொண்டு போனார், மேடைக்குக் கூப்பிட்டார், கொடுத்தார். 1990-ல் மத்திய அரசு கிராமப்புறக் கடன் தள்ளுபடி அறிவித்தபோது நகரத்தில் எங்கள் கவுண்டரிலும் வந்து “எங்களுக்கு எப்போ தள்ளுபடி?” என்று கேட்டார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. யார் கொடுத்தார் என்பதைப் பொறுத்துத்தான் ஒருவர் அந்தப் பணத்தை நடத்துகிறார்.

இரண்டிலும் பேங்க் பணம்தான். வாங்கியவர்களும் ஒரே மாதிரி ஏழைகள்தான். குழுவில் பெயரைச் சிபாரிசு செய்தது பக்கத்து வீட்டுக்காரி. மேளாவில் பெயரை எழுதியது கட்சிக்காரர். நான் பேங்கில் வேலை பார்த்த இத்தனை வருஷத்தில் பி.காம். புத்தகத்தில் படிக்காத ஒன்றைக் கற்றுக்கொண்டேன் என்றால் இந்த வித்தியாசம்தான்.

தமிழக அரசும் இதைப் பார்த்துக் கற்றுக்கொண்டது என்றே சொல்வேன். 1983-ல் மகளிர் மேம்பாட்டு நிறுவனம் வந்தது. 1989-ல் தர்மபுரியில் சுய உதவிக் குழுக்கள் தொடங்கின. 1992-ல் நபார்டு, குழுக்களை பேங்கோடு இணைக்கும் திட்டத்தைத் தொடங்கியது. 1997-ல் மகளிர் திட்டம் மாநிலம் முழுக்கப் போனது. நம் வீட்டில் வேலை செய்யும் அம்மாக்களில் பாதிப் பேர் ஏதாவதொரு குழுவில் இருக்கிறார்கள். அந்தக் குழுக்களில் எது நன்றாக நடக்கிறது, எது பெயருக்கு இருக்கிறது என்று அவர்களைக் கேட்டாலே சொல்லிவிடுவார்கள். தலைவி தானே நோட்டு எழுதுகிற குழு நடக்கும். வட்டச் செயலாளர் வீட்டில் நோட்டு இருக்கிற குழு, கூட்டத்துக்கு லாரி வரும்போது மட்டும் நடக்கும்.

சரி, இதெல்லாம் பழைய கதை, நமக்கு என்ன என்று கேட்கலாம். நாம் எல்லோரும் ஃபிளாட்டில் இருக்கிறோம், கூடை சுமக்கவில்லை. உண்மைதான். ஆனால் காசிமேட்டிலிருந்து நம் கேட்டுக்கு மீன் கொண்டுவரும் அக்காக்கள் இருக்கிறார்கள். நூறு நாள் தண்டல் என்றால் என்னவென்று அவர்களைக் கேளுங்கள். 10,000 ரூபாய் தண்டல் என்று எழுதி, 1,500 பிடித்துக்கொண்டு 8,500 கையில் கொடுப்பார்கள். தினம் 100 ரூபாய் வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். பார்த்தால் 15 சதவீத வட்டி மாதிரி தெரியும். முதல் நாளிலிருந்தே அசல் குறைந்துகொண்டு வருகிறது, காலமும் நூறு நாள்தான் என்பதை வைத்துக் கணக்குப் போட்டால் வருஷத்துக்கு 120 சதவீதத்துக்கு மேல் வருகிறது. அந்த அக்காவிடம் இந்தக் கணக்கை நான் காகிதத்தில் போட்டுக் காட்டினேன். “எனக்குத் தெரியாதாம்மா, ஆனா விடியக்காலம் மூணு மணிக்கு ஏலத்துக்கு எந்த பேங்க்கு தொறந்திருக்கும்?” என்றார். அவர் கேட்டதற்கு இன்றைக்கும் எந்த பேங்கிடமும் பதில் இல்லை.

இப்போது தண்டலோடு தனியார் மைக்ரோ ஃபைனான்ஸும் சேர்ந்துகொண்டது. ஒருவருக்கே மூன்று, நான்கு கம்பெனிக் கடன். குழுக்கடன் என்ற பெயரை எடுத்துக்கொண்டார்கள், குழுவை விட்டுவிட்டார்கள். 2022-ல் ரிசர்வ் வங்கி ஒரு விதி போட்டது: குடும்பத்தின் மாத வருமானத்தில் பாதிக்கு மேல் எல்லாக் கடன் தவணையும் சேர்ந்து போகக் கூடாது. மிரட்டி வசூலிப்பதைத் தடுக்க 2025-ல் நம் மாநில அரசு சட்டமும் கொண்டுவந்தது. இந்த இரண்டும் நம் வீட்டுக்கு வேலைக்கு வரும் எத்தனை பேருக்குத் தெரியும்? நான் விசாரித்தவரை ஒருவருக்கும் தெரியவில்லை. லோன் கார்டில் இங்கிலீஷில் அச்சடித்திருப்பதைப் படித்துச் சொல்லவே ஆள் இல்லை.

நம் மகளிர் வட்டத்துக்கு நான் கேட்கும் முதல் வேலை இதுதான். சனிக்கிழமை மாலை இரண்டு மணி நேரம். நம்மில் பேங்க், எல்.ஐ.சி., பள்ளிக்கூடம், துறைமுக ஆபீஸ் என்று வேலை பார்த்து ரிடையர் ஆனவர்கள் ஒரு டஜன் பேராவது இருப்போம். லோன் கார்டைக் கொண்டுவரச் சொல்லிப் படித்துக் காட்டலாம். மொத்தத் தவணை எவ்வளவு, எதை முதலில் முடிக்கலாம், வசூலுக்கு வருபவர் எல்லை மீறினால் எங்கே எழுதிக் கொடுப்பது என்று சொல்லலாம். பேங்கில் அக்கவுண்ட் தொடங்க, விடுபட்ட ஆவணங்களுக்கு மனு எழுத உதவலாம். இதற்குத் தையல் மெஷினும் வேண்டாம், நாற்காலியும் வேண்டாம். ஒரு மேஜை, ஒரு கால்குலேட்டர் போதும். 2017-லும் 2023-லும் எண்ணூர் பக்கம் கடலிலும் கழிமுகத்திலும் எண்ணெய் பரவியபோது மீன் விற்க முடியாமல் இந்தப் பெண்கள் வீட்டில் உட்கார்ந்தார்கள். கடன்காரர்கள் உட்காரவில்லை. அடுத்த முறை அப்படி நடந்தால், யாருக்கு எவ்வளவு கடன், எவ்வளவு நஷ்டம் என்று எழுதி வைத்த நோட்டு ஒன்று இருந்தால் நிவாரணத்துக்கு மனு போடவாவது பயன்படும்.

ஒரு கட்சிப் பலகைக்குக் கீழே இந்த மேஜையைப் போட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். தன் கடன் எவ்வளவு என்பதை ஒரு பெண் தன் அண்ணனிடம்கூடச் சொல்லமாட்டார். கட்சி ஆட்கள் வந்து போகும் இடத்தில் கார்டைப் பிரித்துக் காட்டுவாரா? வேறு கட்சிக்காரர் வீட்டுப் பெண் அந்தப் பக்கம் வருவாரா? வட்டி வசூலிப்பவரே அந்தக் கட்சியில் இருந்தால்?

ஆகவே என் கருத்து: தையல் மெஷின் வேண்டாம் என்று நன்றி சொல்லி எழுதிக் கொடுத்துவிடலாம். மரியாதை குறையாமல் எழுதலாம், வரைவு நான் தருகிறேன். மருத்துவ முகாம் வேண்டுமென்றால் மாநகராட்சி நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் சங்கத்தின் பேரில் கேட்கலாம். அது நம் வரிப்பணம், யார் படமும் வைக்க வேண்டியதில்லை. உறுப்பினர்கள் எந்தக் கட்சியிலும் இருக்கலாம், பொறுப்பில்கூட இருக்கலாம், அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. வட்டத்தின் கூட்டத்தில் கட்சித் துண்டு மட்டும் வேண்டாம். யாராவது உண்மையாகவே கட்சியின் மகளிர் கிளப் நடத்த ஆசைப்பட்டால் டெக்சாஸ் அம்மாள் மாதிரி சொந்தச் சந்தாவில், சொந்தப் பெயரில், வெளிப்படையாகத் தனியாக நடத்தட்டும். நானே போய் காபி குடித்துவிட்டு வருவேன்.

மாதச் சந்தா 50 ரூபாய் என்று வைத்திருக்கிறேன். முடியாதவர்கள் 10 ரூபாய் கொடுத்தாலும் ரசீது உண்டு. பொருளாளராக என்னைப் போடச் சொல்கிறார்கள். வேண்டாம். எனக்கு வயதாகிறது, தவிர முப்பத்தைந்து வருஷம் மற்றவர்கள் பணத்தை எண்ணியது போதும். இளையவர் ஒருவர் முன்வந்தால் லெட்ஜர் எழுத நான் சொல்லித் தருகிறேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரவு செலவை இந்த இதழிலேயே போட்டுவிட வேண்டும், கடைசி ரூபாய் வரை.

கூட்டத்தன்று 14 பேர் பெயர் கொடுத்தார்கள். தையல் மெஷினை வாங்கலாம் என்று சொன்ன அந்த அம்மாவும் அதில் ஒருவர். ஆனால் பொதுக்குழுவில் மெஷினுக்குத்தான் ஓட்டுப் போடுவேன் என்று சொல்லிவிட்டார். அவரவர் ஓட்டு. நோட்டு சங்க அலுவலகத்தில் இருக்கிறது, மாலை 5 முதல் 7 வரை திறந்திருக்கும். பெயர் எழுதும்போது எந்த நாள் வர முடியும் என்பதையும் பக்கத்திலேயே குறித்துவிடுங்கள்.